ஒரு நொடிக்கு ஒன்று, ஒரு நாளுக்கு ஒன்று

20 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளித் துகளில் எத்தனை அணுக்கள் இருக்கும்? பள்ளிக்கூடக் கணக்குதான். துகளை உருண்டை என்று வைத்துக்கொண்டு அதன் கன அளவைக் கண்டுபிடியுங்கள். வெள்ளியின் அடர்த்தியான (ஒரு கன சென்டிமீட்டருக்கு) 10.49 கிராமால் பெருக்கி, அணு நிறையால் வகுத்து, அவகாட்ரோ எண்ணால் பெருக்குங்கள். ஏறக்குறைய 2,45,000 வரும். ஒவ்வோர் அணுவும் ஓர் எலக்ட்ரானை விட்டுவிட்டு வெள்ளி அயனியாகக் கரைந்தால் வெளியே வரும் மொத்த மின்னூட்டம் சுமார் 39 ஃபெம்டோ கூலூம். ஒரு கூலூமைப் பத்துக் கோடிக் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ கூலூம்.

இவ்வளவு சிறிய மின்னூட்டத்தை அளக்க முடியுமா என்ற சந்தேகம் வருவது இயல்பு. முடியும். அந்த இரண்டரை லட்சம் எலக்ட்ரான்களும் ஒரு மில்லி நொடிக்குள் வந்து சேர்ந்தால் மின்னோட்டம் 39 பைகோ ஆம்பியர். நல்ல கருவியும் ஒழுங்கான உலோகக் கூண்டும் இருந்தால் அது பேஸ்லைனுக்கு மேலே தெளிவாக ஒரு ஸ்பைக்காக எழும்பும். எங்கள் மின்வேதியியல் துறைக்கு வெளியே இருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப யோசிக்கிறார்கள். திரையில் தெரியும் அந்த ஒரு கோடு ஒரே ஒரு துகள். அதன் அடியில் அடங்கும் பரப்பைக் கணக்கிட்டால் அந்தத் துகளின் அளவு கிடைத்துவிடும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அதன் அழகையும், அது எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் காம்ப்டனின் குழு 2011-இல் வெள்ளித் துகள்களைக் கொண்டு இதைச் செய்து காட்டியது. சோதனையின் அமைப்பு எளிமையானது. சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு கார்பன் மின்முனை, ஒரு ஒப்பீட்டு மின்முனை, கொஞ்சம் மின்பகுளி கலந்த நீர், அதில் மிதக்கும் வெள்ளித் துகள்கள். மின்முனையை வெள்ளி ஆக்சிஜனேற்றம் அடையக்கூடிய மின்னழுத்தத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். துகள்கள் பிரௌனியன் இயக்கத்தில் அங்குமிங்கும் அலைகின்றன. ஏதாவது ஒன்று தற்செயலாக மின்முனையில் மோதுகிறது. மோதிய கணத்தில் அதன் அணுக்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைகின்றன. நாம் எதையும் பிடித்து வைப்பதில்லை, உலர்த்துவதில்லை, சாயம் ஏற்றுவதில்லை. துகள் தானாக வந்து தன் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

இந்தச் சோதனை மேசையில் மைக்கேல் ஃபாரடே மூன்று இடங்களில் இருக்கிறார். மின்னூட்டத்துக்கும் கரையும் பொருளின் அளவுக்கும் உள்ள உறவை 1830-களின் தொடக்கத்தில் அவர்தான் நிறுவினார். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலூம் என்கிற எண்ணுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் மின் தொந்தரவைத் தடுக்கும் உலோகக் கூண்டு அவருடைய 1836-ஆம் ஆண்டுச் சோதனையிலிருந்து வந்தது. 1857-இல் தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கவிட்டு, அந்தச் சிவப்பு நிறத்துக்குக் காரணம் துகள்களின் நுண்மைதான் என்று சொன்னவரும் அவர்தான். அவர் தயாரித்த தங்கக் கூழ்மங்கள் சில இன்னும் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கூழ்மத்தில் ஒரே ஒரு துகளை எடுத்து, அவருடைய விதியாலேயே அதை அளக்க, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது. இதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்கிறது.

இடையில் இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். 1922-இல் பிராகில் பாதரசச் சொட்டு மின்முனையைக் கொண்டு, கரைசலில் இருப்பதை மின்னோட்டத்தால் கண்டறியும் போலரோகிராஃபி முறையை உருவாக்கி, 1959-இல் நோபல் பரிசு பெற்றவர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. அவர் மகன் மிக்கேல் ஹெய்ரோவ்ஸ்கியும் அதே பிராகில் 1995-இல் அதே பாதரச முனையை நுண்ணிய ஆக்சைடு கூழ்மங்களுக்குள் வைத்துப் பார்த்து, கரைந்த அயனிகள் போலவே மிதக்கும் துகள்களும் மின்முனையில் வினைபுரியும் என்று எழுதினார். அப்புறம் 2007-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் பார்ட், ஷியாவ்யின் ஷியாவோ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பிளாட்டினம் துகள்களில் வேறு வழியைக் காட்டினார். 4 நானோமீட்டர் பிளாட்டினத் துகளில் இருப்பது சுமார் 2,200 அணுக்கள்தான். அதையே கரைத்தால் வரும் மின்னூட்டம் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். அதனால் அவர்கள் துகளைக் கரைக்கவில்லை. வெறும் கார்பனில் நடக்காத, பிளாட்டினத்தில் மட்டும் வேகமாக நடக்கும் ஒரு வினைக்கு வேண்டிய பொருளைக் கரைசலில் போட்டு வைத்தார்கள். பிளாட்டினத் துகள் மின்முனையில் ஒட்டியதும் அதன் மேல் அந்த வினை தொடங்கி ஓடிக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் ஒரு படி ஏறி அங்கேயே நிற்கும். அடுத்த துகள் வந்தால் இன்னொரு படி. துகளின் சிறு குரலை வினையூக்கம் பெரிதாக்கிக் கொடுக்கிறது. பார்ட் 2024-இல் காலமானார். மின்வேதியியல் படித்த எங்கள் தலைமுறையில் அவர் நிழலில் நிற்காதவர்கள் கிடையாது.

ஆனால் எனக்கு இந்த இரண்டில் காம்ப்டன் குழுவின் வழியோடுதான் நெருக்கம் அதிகம். காரணத்தைச் சொல்கிறேன்.

நானோ துகளை அளக்க வேறு வழிகள் இல்லாமல் இல்லை. ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் கருவி இன்று பல கல்லூரிகளில்கூட இருக்கிறது. குப்பியை வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். சிக்கல் என்னவென்றால், இவ்வளவு சிறிய துகள் சிதறடிக்கும் ஒளியின் அளவு அதன் விட்டத்தின் ஆறாம் படியில் ஏறுகிறது. 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சம் சேர்ந்து சிதறடிக்கும் அளவுக்குச் சிதறடிக்கும். குப்பியில் நாலைந்து கட்டிகள் இருந்தாலே போதும், மீதி லட்சக்கணக்கான நல்ல துகள்கள் கணக்கில் இல்லாமல் போய்விடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகள்களை நேரில் பார்க்கலாம், அதைவிட நம்பிக்கை தருவது எதுவும் இல்லை. ஆனால் அதற்குத் துகளை உலர்த்தியாக வேண்டும். உலரும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீரில் தனித்தனியாக இருந்தனவா, ஒட்டித்தான் இருந்தனவா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

மின்முனை இந்தக் கேள்விக்கு நீருக்குள்ளேயே பதில் சொல்கிறது. தனித் துகள் வந்தால் 39 ஃபெம்டோ கூலூம். பத்துத் துகள்கள் கட்டியாக வந்தால் அதைப்போலப் பத்து மடங்கு. ஒவ்வொரு ஸ்பைக்கையும் தனித்தனியாக எண்ணி ஒரு பட்டை வரைபடம் போட்டால் எது எத்தனை என்று பிரிந்து நிற்கும். சராசரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். நகைக்கடையில் தங்கத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார்கள். தேய்த்த கோட்டை மட்டும் வைத்து மாற்றுச் சொல்ல முடியாது. பக்கத்தில் மாற்றுத் தெரிந்த தங்கத்தையும் தேய்த்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். பகுப்பாய்வு வேதியியலில் பெரும்பாலான முறைகள் இப்படித்தான் இயங்குகின்றன. அளவு தெரிந்த மாதிரிகளை வைத்துக் காலிப்ரேஷன் கோடு போட வேண்டும், பிறகு தெரியாததை அந்தக் கோட்டில் வைத்துப் படிக்க வேண்டும். நானோ துகள்களில் இந்த 'அளவு தெரிந்த மாதிரி' என்பதே தலைவலி. விலை கொடுத்து வாங்கும் துகளின் குப்பியில் 20 நானோமீட்டர் என்று எழுதியிருக்கும். வந்து சேர்ந்த அன்று அது 20 ஆகவே இருக்கலாம். சில மாதங்கள் குளிர்பதனப் பெட்டியில் கிடந்த பிறகு அதில் ஒரு பகுதி கரைந்திருக்கும், ஒரு பகுதி ஒட்டியிருக்கும். துகள் முழுதாகக் கரையும் மோதல் முறைக்கு அந்த மாதிரி வேண்டியதில்லை. ஃபாரடேயின் எண், அவகாட்ரோ எண், வெள்ளியின் அடர்த்தி இவை போதும். பார்ட்டின் வினையூக்க முறையில் துகளின் அளவைச் சொல்ல அதன் மேல் நடக்கும் வினையைப் பற்றி நிறைய ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதில் ஊகம் குறைவு.

பிழையும் இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. விட்டம் கணக்கிட மின்னூட்டத்தின் கன மூலம் எடுக்கிறோம். மின்னூட்டத்தை 25 சதவீதம் குறைவாக அளந்துவிட்டாலும் விட்டத்தில் பிழை 9 சதவீதம்தான் வரும். எதிலும் இவ்வளவு இரக்கம் காட்டாத இயற்கை இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது.

துகளைத் தனித்தனியாக எண்ணாமல் மொத்தமாகப் பார்க்கும் பழைய வழியும் இருக்கிறது. ஒரு சொட்டுக் கூழ்மத்தை மின்முனை மேல் வைத்து உலர்த்தி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எல்லாத் துகள்களும் கரைந்து ஒரு மேடு எழும்பும். எவ்வளவு உலோகம் இருந்தது என்று அந்த மேட்டின் பரப்பு சொல்லும். தங்கத் துகளை அடையாளச் சீட்டாக ஒட்டி நோய்க்கான புரதங்களைக் கண்டறியும் முறைக்கு இதுதான் அடித்தளம். பிரான்ஸில் பெனுவா லிமோஜ் என்பவரின் குழு 2000-இல் அதைச் செய்தது. புரதம் இருந்தால் தங்கத் துகள் ஒட்டும். ஒட்டிய தங்கத்தைப் புரோமின் கலந்த அமிலத்தில் கரைத்து அயனியாக்கி மின்முனையில் அளப்பார்கள். ஒரு துகளுக்குள் லட்சக்கணக்கான தங்க அணுக்கள் இருப்பதால் ஒரு புரதம் லட்சம் மடங்கு பெருகித் தெரியும். வீட்டிலேயே செய்யும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும் கோவிட் பட்டையிலும் நாம் பார்த்த அந்தச் சிவப்புக் கோட்டில் பெரும்பாலும் இருப்பது இதே தங்கத் துகள்தான். அங்கே கண்ணால் பார்க்கிறோம், இங்கே எலக்ட்ரானை எண்ணுகிறோம்.

அந்த மேடு எழும்பும் இடத்திலும் செய்தி இருக்கிறது. துகள் சிறிதாகச் சிறிதாகக் குறைந்த மின்னழுத்தத்திலேயே கரைந்துவிடும். வளைந்த பரப்பில் இருக்கும் அணுக்களுக்கு அண்டை அணுக்கள் குறைவு, பிடிப்பும் குறைவு. ஜெர்மானிய வேதியியலாளர் பிளீத் 1982-இல் இதைக் கணக்காக எழுதினார், அமெரிக்காவில் லூயிவில் பல்கலைக்கழகத்தின் ஸாம்போரினி குழு 2010-இல் வெள்ளியிலும் தங்கத்திலும் அளந்து காட்டியது. ஆனால் மேட்டின் இடத்தை மட்டும் வைத்து அளவைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. மின்முனை மேல் எவ்வளவு துகள் கிடக்கிறது என்பதைப் பொறுத்தும் அந்த இடம் நகரும். இரண்டு காரணங்கள் ஒரே திசையில் தள்ளும்போது எது எவ்வளவு தள்ளியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சரி, மோதல் சோதனைக்குத் திரும்புவோம். படிக்கும்போது எளிமையாகத் தெரிகிற இது, எங்கள் ஊர் ஆய்வகங்களில் பொறுமையைச் சோதிக்கும். பைகோ ஆம்பியர் அளவில் எல்லாமே சத்தம் போடும். மேலே சுற்றும் மின்விசிறி, டியூப்லைட்டின் சோக், மின்சாரம் போனால் உதவிக்கு வரும் யுபிஎஸ், பக்கத்தில் வைத்த கைபேசி எல்லாமே திரையில் வந்து உட்காரும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். "மேடம், இது நாய்ஸா, துகளா?" என்று கேட்கும் மாணவிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: "துகள் போடாத கரைசலை முதலில் ஓட்டும்மா. அதிலும் இதே ஸ்பைக் வந்தால் அது துகள் இல்லை. அப்புறம் துகளைப் போட்டு, மின்னழுத்தத்தைக் கீழே இறக்கிப் பார். வெள்ளி கரைய முடியாத மின்னழுத்தத்திலும் ஸ்பைக் வந்தால் அதையும் நம்பாதே." இந்த இரண்டு வெற்று ஓட்டங்களும் இல்லாத கட்டுரையை நான் முழுதாகப் படிப்பதில்லை.

மின்முனையை மெருகேற்றுவது தனி வேலை. 1 மைக்ரான், 0.3, கடைசியில் 0.05 என்று அலுமினாப் பொடியை ஈரத் துணியில் போட்டு வட்டமாக, எட்டு வடிவமாகத் தேய்க்க வேண்டும். அந்தப் பொடியே சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள். நன்றாகக் கழுவாவிட்டால் மின்முனையை அது மூடிக்கொள்ளும். மின்முனை என்பது கண்ணாடிக்குள் புதைத்த ஒரு கார்பன் இழையின் நுனி, அவ்வளவுதான். மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு அகலம். கண்ணால் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. தெரிந்த ஒரு வினையை ஓட்டி, கிடைக்கும் மின்னோட்டம் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைவிட ஆழமான ஒரு முரண் இருக்கிறது. மின்வேதியியலுக்கு உப்பு வேண்டும், இல்லாவிட்டால் கரைசலில் மின்சாரம் பாயாது. நானோ துகளுக்கோ உப்பு எதிரி. துகள்கள் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் ஒத்த மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுவது. உப்பைப் போட்டால் அந்தத் தள்ளுவிசை மறைக்கப்படும், துகள்கள் சேர்ந்து கட்டியாகும். அதனால் அளக்கப் போன பொருளை அளக்கும் செயலே மாற்றிவிடக்கூடும். சிட்ரேட் உப்பையும் கொஞ்சம் குளோரைடையும் சேர்த்து, துகளைக் கடைசி நேரத்தில் விட்டு, வேகமாக அளந்துவிடுவது ஒரு வழி. நேரம் போகப் போகப் பெரிய ஸ்பைக்குகள் கூடினால் கட்டியாவதை நம் கண் முன்னாலேயே பார்க்கிறோம் என்று அர்த்தம், அதுவும் ஒரு தகவல்தான். கடல்நீர் இந்த வகையில் விசித்திரமான மாதிரி. அதில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, எதையும் சேர்க்க வேண்டாம். குளோரைடு தாராளமாக இருப்பதால் வெள்ளி குறைந்த மின்னழுத்தத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. 2013-இல் காம்ப்டன் குழு வெள்ளித் துகள்களைக் கடல்நீரிலேயே விட்டு எண்ணி அளந்தது.

2017 வாக்கில் இந்தத் துறையில் நல்லதொரு விவாதம் வந்தது. ஒரு துகள் மோதினால் ஒரே அடியில் முழுதும் கரைகிறதா? வேகமாகப் பதிவு செய்யக்கூடிய பெருக்கிகளை வைத்துக்கொண்டு வாரிக், யூட்டா, வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் என்று பல இடங்களில் பார்த்தார்கள். ஒற்றை ஸ்பைக் என்று நினைத்தது பல நேரம் சின்னச் சின்ன ஸ்பைக்குகளின் வரிசை. துகள் வந்து தொடுகிறது, கொஞ்சம் கரைகிறது, விலகுகிறது, மறுபடி தொடுகிறது. பெரிய துகள்களில் இப்படிப் பாதி கரைந்து, மீதியோடு கரைசலுக்குள் திரும்பிப் போவதும் நடக்கிறது. அப்படியானால் மின்னூட்டம் சொல்வது துகளின் முழு அளவு இல்லை, அது கொடுத்துவிட்டுப் போன பங்கு மட்டுமே. மெதுவான கருவி இந்தச் சில்லறை ஸ்பைக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டியதால் முன்னால் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு இந்த முறை மேல் இருந்த மதிப்பு கூடியது. முறை தன் குறையைத் தானே காட்டுகிற அளவுக்குத் துல்லியமாகியிருந்தது. அப்புறம், இருண்ட பின்னணியில் துகள்களை ஒளிப்புள்ளிகளாகக் காட்டும் இருள்புல நுண்ணோக்கியையும் மின்முனையையும் ஒரே நேரத்தில் வைத்து, துகள் கரைவதைப் பார்த்துக்கொண்டே அளக்கும் வேலைகளும் வந்தன. ஜெர்மனியின் போகுமில் கிறிஸ்டினா சூலிக்கின் குழு 2018-இல் அப்படிச் செய்தது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் கணக்குக்கு வருகிறேன். ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தால் இந்த முறை எந்த நீரில் வேலை செய்யும்?

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் வெள்ளிக்கு வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அது மொத்த வெள்ளி. அயனியா, துகளா என்று பிரிப்பதில்லை. ஒரு பேச்சுக்கு அது முழுவதும் 20 நானோமீட்டர் துகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் சுமார் 2.3 லட்சம் கோடித் துகள்கள். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்ட மின்முனையை அதில் வைத்தால், துகள்கள் நீரில் தாமாகவே பரவும் விரவல் வேகத்தைக் கொண்டு கணக்கிடும்போது, நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு துகள் வந்து மோதும். அருமையான வேகம். ஸ்பைக்குகள் ஒன்றின் மேல் ஒன்று விழாது, பத்து நிமிடத்தில் நல்லதொரு பட்டை வரைபடம் கிடைக்கும்.

இப்போது ஓர் ஆற்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளித் துகள்கள் ஆற்றுக்குப் போகும் வழி கற்பனையில்லை. 2008-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பென், வெஸ்டர்ஹாஃப் இருவரும் கிருமி எதிர்ப்புக்காக வெள்ளி சேர்த்த காலுறைகளை வெறும் நீரில் அலசிப் பார்த்தார்கள். அரை லிட்டர் நீரில் அதிகபட்சமாக 650 மைக்ரோகிராம் வெள்ளி இறங்கியது, துகளாகவும் அயனியாகவும். அந்த நீர் சாக்கடைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போய், நீர்த்துப்போய், ஆற்றில் லிட்டருக்கு 1 நானோகிராம் என்ற அளவில் நிற்கிறது என்று வைப்போம். குடிநீர் வரம்பைவிட லட்சம் மடங்கு குறைவு. அப்போது அதே மின்முனையில் துகள்கள் வந்து மோதும் வேகமும் லட்சம் மடங்கு குறையும். கணக்குப் போட்டால் ஒரு துகளுக்கு ஏறக்குறைய 25 மணி நேரம். ஒரு நாளுக்கு ஒன்று. நூறு ஸ்பைக் சேர்த்து ஒரு வரைபடம் போட வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நீரும் அதே நீராக இருக்காது, மின்முனையும் அதே மின்முனையாக இருக்காது.

இதில் கருவியின் குறை எதுவும் இல்லை. பெருக்கியை எவ்வளவு மேம்படுத்தினாலும் துகளை வேகமாக வரவைக்க முடியாது. வரும் துகளைத் தவறாமல் பார்க்கும் திறமை நம்மிடம் இருக்கிறது, துகள் வந்து சேர்வதுதான் பிரச்சினை. அதனால்தான் கட்டுரைகளில் 'கண்டறியும் எல்லை' என்று ஒரு மிகச் சிறிய எண்ணைத் தடித்த எழுத்தில் போடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த எண் பல நேரம் காலிப்ரேஷன் கோட்டை இரைச்சல் வரை நீட்டிப் பெற்றது. அதற்குப் பக்கத்தில் இரண்டு தகவல் வேண்டும்: எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், அந்த நேரத்தில் எத்தனை ஸ்பைக் பார்த்தீர்கள். பத்து ஸ்பைக்கை எண்ணிச் சொன்ன செறிவில் முப்பது சதவீதத்துக்கு மேல் தடுமாற்றம் எண்ணிக்கையின் இயல்பிலேயே இருக்கிறது. எண்ணும் முறையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவது அந்த முறைக்கே செய்யும் அநியாயம்.

காத்திருப்பைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. வட்டுக்குப் பதில் இழையையே ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு வெளியே நீட்டினால் அதிகத் துகள்கள் வந்து மோதும், ஆனால் மின்முனை பெரிதானால் இரைச்சலும் பெரிதாகும். பல சிறிய மின்முனைகளை வரிசையாக வைக்கலாம், நீரை ஓடவிடலாம், முன்கூட்டியே வடிகட்டிச் செறிவைக் கூட்டலாம். செறிவு மிகக் குறைந்த நீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. துகள்கள் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, மின்முனையைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையிலும் ஒட்டிக்கொள்கின்றன. வருவதே சில, அதிலும் பக்கத்துச் சுவர் பங்கு கேட்கிறது. இந்த அளவுக்குப் போகும்போது, ஒவ்வொரு துகளாகப் பிளாஸ்மா சுடருக்குள் அனுப்பி நிறையை எண்ணும் நிறமாலைமானிதான் இன்று கைகொடுக்கிறது. அதன் விலையும் பராமரிப்பும் பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகும். ஆனாலும் அதனால் முடியாத ஒன்று மின்முனையால் முடியும். பிளாஸ்மாவின் சூட்டில் எல்லாம் அணுவாகச் சிதறிவிடுவதால், வந்தது உலோக வெள்ளியா, வெள்ளிக் குளோரைடா, சல்ஃபைடா என்று அதற்குத் தெரியாது. மின்முனைக்குத் தெரியும். ஆக்சிஜனேற்றம் அடையும் ஸ்பைக் வந்தால் அது உலோக வெள்ளி.

அதனால் இந்த முறையின் சரியான இடம் ஆறு இல்லை, துகளை நாமே வைத்திருக்கும் இடங்கள்தான் என்பது என் கருத்து. சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப்பின் குழு வெள்ளி நானோ துகள்களை அலுமினியம் சார்ந்த கனிமமும் கைட்டோசானும் கலந்த மணிகளுக்குள் பொதிந்து, குறைந்த விலையில் கிருமிகளைக் கொல்லும் நீர் வடிகட்டியை உருவாக்கி 2013-இல் வெளியிட்டது. அதன் அடிப்படையே துகள் உள்ளேயே இருக்க வேண்டும், அயனி மட்டும் பாதுகாப்பான அளவில் மெல்ல வெளியே வர வேண்டும் என்பதுதான். இப்படிப்பட்ட எந்த வடிகட்டிக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: வெளியே வரும் நீரில் இருப்பது அயனியா, துகளா? மொத்த வெள்ளியை அளந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. மின்முனையில் இரண்டும் வேறு வேறாகப் பேசுகின்றன. அயனி இருந்தால் அதை முதலில் மின்முனையில் படியவைத்துப் பிறகு கரைக்கும்போது ஒரு மேடு வரும். துகள் இருந்தால் தனித்தனி ஸ்பைக் வரும். ஸ்பைக்கே இல்லாமல் மேடு மட்டும் வந்தால் வடிகட்டி தன் வேலையைச் செய்கிறது. வரம்பை ஒட்டிய செறிவில் துகள் கசிந்தால் நொடிக்கு ஒரு ஸ்பைக் என்ற வேகத்தில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். காயத்துக்குப் போடும் வெள்ளிக் கட்டுத்துணிகள், துகள் தயாரிக்கும் ஆலைகளின் தரக்கட்டுப்பாடு, அலசிய முதல் நீர் என்று இப்படிச் செறிவு போதுமான அளவுக்கு இருக்கும் இடங்கள் நிறைய உண்டு. இதற்கு வேண்டிய அமைப்பின் விலை நுண்ணோக்கி, நிறமாலைமானி பக்கத்தில்கூட வராது. மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் 1950-களிலிருந்து ஒரு தேசிய ஆய்வு நிறுவனம் இயங்கும் மாநிலத்தில், கல்லூரி ஆய்வகங்களுக்கு இது எட்டாத வேலை இல்லை.

எனக்கு இப்போது ஆர்வம் சல்ஃபைடு பக்கம். 2010-இல் அமெரிக்காவில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதில் வெள்ளி சல்ஃபைடு நானோ துகள்களைக் கண்டார்கள். சாக்கடைக்குள் போகும் வெள்ளித் துகள் கந்தகத்தோடு சேர்ந்து மேலே ஓடு கட்டிக்கொள்கிறது. ஓடு கட்டிய துகள் நேர் மின்னழுத்தத்தில் மோதினால் முழுதாகக் கரையாது, ஸ்பைக் சிறுத்துவிடும், துகளே சிறியது என்று ஏமாந்துவிடுவோம். மறுபக்கத்திலிருந்து போகலாம். மின்னழுத்தத்தை நன்றாக எதிர்ப்பக்கம் இறக்கினால் சல்ஃபைடு ஒடுக்கமடைந்து மறுபடி வெள்ளியாகும், அந்த ஸ்பைக் கீழ்நோக்கி வரும். அதே துகள்களை நேர் பக்கத்தில் ஒரு முறை, எதிர்ப் பக்கத்தில் ஒரு முறை ஓட்டினால் உள்ளே எவ்வளவு உலோகம், மேலே எவ்வளவு ஓடு என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். அவ்வளவு எதிர்ப் பக்கம் போனால் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் வினைபுரிந்து பேஸ்லைனைத் தூக்கிவிடும் என்பதால் முதலில் நைட்ரஜனை நன்றாக ஊதி அதை வெளியேற்ற வேண்டும். ஊதும்போது நீர் கலங்கும், கலங்கினால் விரவல் கணக்கு பொருந்தாது. ஆகவே ஊதி நிறுத்தி, நீர் அடங்கிய பிறகு, வாயுவை மேற்பரப்பில் மட்டும் போர்த்திவிட்டு அளக்க வேண்டும். அந்த அமைப்பைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம்.